படத்தில் இல்லாத பூட்ஸ்

மரக்காணம்
10.2.2025

மதிப்புக்குரிய இயக்குநர் பிரபாகரன் அவர்களுக்கு,

வணக்கம். 'மதிப்புக்குரிய' என்பது கடித முறை. மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

நான் இங்கே ஓர் உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. சனிக்கிழமை உங்களை மூன்று முறை போனில் அழைத்தேன். விஷயத்தைத் தொடங்குவதற்குள் மூன்று முறையும் "மீட்டிங்" என்றீர்கள். நான்காவது முறை மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் என்று சக ஆசிரியை சொன்னார். பதிவுத் தபாலை அப்படித் தடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சுருக்கி வரைதல் நடத்த நான் பாடப்புத்தகப் பத்தியை விட்டு ஆவணப்படம் காட்டுவது வழக்கம். முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை சத்தத்தோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் குறிப்பெடுப்பார்கள். பிறகு அலங்காரச் சொற்களை அடித்துவிட்டு நூற்றிருபது சொற்களுக்குள் கொண்டுவருவார்கள். இந்த ஆண்டு எங்கள் ஊர் உப்பளத்தைப் பற்றியது என்பதால் உங்கள் 'வெறும் பாதங்கள்' படத்தைக் காட்டினேன். முப்பத்திரண்டு நிமிடம். அலங்காரத்தை அடித்தபின் என் பிள்ளைகளுக்கு நூற்றிருபது சொல் தேறவில்லை. எண்பதோடு நின்றுவிட்டார்கள். நாற்பத்தொரு பேர் எழுதியதையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், படித்துப் பாருங்கள். தலையில் கூடையோடு நடக்கும் பெண் ஒரே வரப்பில் நான்கு முறை நடக்கிறாள் என்று பதினாறு பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள். சத்தம் இல்லாமல் பார்த்தால் அதெல்லாம் தெரியும்.

அந்தப் பெண் வசந்தா. அவள் மகள் சத்யப்ரியா என் வகுப்பில்தான் படிக்கிறாள். நாற்பத்தொன்றில் அவள் எழுதியதுதான் சிறந்தது என்று வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில் மேடையேற்றிப் படிக்க வைத்தேன். "இங்கு உழைப்பவர்களுக்குக் காலில் போட ஒன்றுமில்லை" என்ற உங்கள் படத்தின் வரியையும் படித்தாள். முன் வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் உப்பளத்தின் முதலாளி சுப்ராயன். மூன்று வருடத்துக்கு முன்பே ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர். மறுநாள் காலை வசந்தாவை மேஸ்திரி அப்பாதுரை வரப்பிலேயே நிறுத்தி, "உன் பொண்ணு மேடையில அசிங்கப்படுத்திட்டாளாம். மொதலாளி உன்னைச் சேர்க்கவேணாம்னுட்டாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

படம் எடுத்த அன்று வசந்தா பூட்ஸ் போட்டிருந்தாள். கழற்றச் சொன்னது நீங்கள். அதை ஒப்புக்கொண்டு சுப்ராயனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாலு வரி போதும். பின்னணி இசை தேவையில்லை.

இப்படிக்கு,
அம்சவல்லி

*

பெரிய முதலியார்சாவடி
19.2.2025

அம்சவல்லி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பார்சல் வந்தது. நாற்பத்தொரு சுருக்கங்களையும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து படித்தேன். ஐந்தும் "இப்படம் உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வை எடுத்துக்காட்டுகிறது" என்று தொடங்கி "உழைப்பைப் போற்றச் சொல்கிறது இப்படம்" என்று முடிகின்றன. ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருக்கின்றன. நீங்கள் நடத்துவது தமிழ் வகுப்பா, சூளையா?

ஒரு படத்தை நூற்றிருபது சொல்லாக்குவது என்பதே எனக்கு விளங்கவில்லை. இளநீரைக் காய்ச்சிப் பொடியாக்கிப் பொட்டலம் கட்டி, "சுவை குறைகிறதே" என்று தென்னையைத் திட்டுகிறீர்கள். நான் சென்னையில் பதினொரு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு இங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு படம் எடுக்கிறேன். எடுப்பது உங்கள் ஐந்து மதிப்பெண் கேள்விக்காக இல்லை.

பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அன்று அங்கே நாற்பது பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் வெறுங்காலோடுதான் இருந்தார்கள். சீசன் தொடக்கத்தில் மண்ணைக் கெட்டிப்படுத்தப் பாத்தி மிதிக்கும்போது எல்லாருமே வெறுங்கால்தான் என்று மேஸ்திரியே சொன்னார். அந்த உண்மையைத்தான் நான் காட்டினேன். ஆள் பிடித்துக் கொடுத்தவரும் மேஸ்திரிதான். யார் எதைக் கழற்றினார்கள் என்றெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். இந்தப் படம் வெளிவந்து இரண்டு வருடமாகிறது. திருவிழா ஒன்றில் அறுபது பேர் பார்த்தார்கள், அதில் பாதி என் நண்பர்கள். அதன்பின் அது யார் வம்புக்கும் போகாமல் சும்மா கிடந்தது. அதைத் தூசு தட்டி எடுத்தது நீங்கள். மகளை மேடையேற்றியது நீங்கள். முதலாளியை முன் வரிசையில் மாலை போட்டு உட்கார வைத்தது நீங்கள். தாய்க்கு வேலை போனதும் என் முகவரியைத் தேடுகிறீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியாக ஒரு கேள்வி. அம்மா பூட்ஸ் போட்டிருந்தாள் என்றால் அது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். பிறகு ஏன் காலில் ஒன்றுமில்லை என்று படித்தாள்?

பிரபாகரன்

*

மரக்காணம்
1.3.2025

திரு. பிரபாகரன் அவர்களுக்கு,

இந்த முறை 'மதிப்புக்குரிய' இல்லை. கவனித்திருப்பீர்கள்.

பாத்தி மிதிக்கும்போது பூட்ஸ் போட்டால் பாத்தி கெடும். உப்பு வாரும்போது பூட்ஸ் போடாவிட்டால் கால் கெடும். இந்த வித்தியாசம் என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும். நீங்கள் படம் எடுத்தது மே மாதம், வாருகிற காலம். மிதிக்கிற காலத்து வெறுங்காலைக் கொண்டுவந்து வாருகிற காலத்தில் ஒட்டிவிட்டு அதற்கு உண்மை என்று பெயர் வைக்கிறீர்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று முதல் காட்சியிலேயே எழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வசந்தாவின் பெயரைக் கடைசிப் பட்டியலில்கூடக் காணோம். கேமரா வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர் இருக்கிறது.

சுப்ராயனை நான் ஏன் அழைத்தேன் என்று கேலி செய்கிறீர்கள். என் வகுப்பில் படம் காட்டுகிற டிவி அவர் வாங்கிக் கொடுத்தது. அவரை அழைக்காமல் உங்களையா அழைப்பார்கள்?

உங்கள் கேள்விக்குப் பதில்: மாணவி படத்தில் உள்ளதை எழுதினாள். சுருக்கம் என்றால் அதுதான்.

மாசி மாதம் பாதி போய்விட்டது. வாருகிற வேலை தொடங்கிவிட்டது. செட்டுக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டால் அப்புறம் சீசன் முடியும்வரை வசந்தாவுக்கு இடம் கிடைக்காது. அவளுக்குப் புருஷன் இல்லை. தெரிந்த வேலை இது ஒன்றுதான். போன வாரம் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து நின்றாள். "டீச்சர், நானே மொதலாளி வூட்டுக்குப் போயி கேட்டுட்டு வர்றேனே" என்றாள். வேண்டாம் என்றேன். கோபத்தில் இவள் ஒன்று பேசி, அவர் ஒன்று பேசி, இருக்கிற கொஞ்ச நஞ்ச வழியும் அடைபட்டுவிடும். "இயக்குநருக்கு முறைப்படி எழுதியிருக்கேன். அவரு கைப்பட ஒரு லெட்டர் வந்துட்டா யாரும் மறுக்க முடியாது, பொறு" என்று சொல்லி அனுப்பினேன். அவளும் சரியென்று போனாள்.

ஆகவே உங்கள் ஞாபகசக்தியைக் கொஞ்சம் சீக்கிரம் சரிசெய்துகொள்ளுங்கள்.

அம்சவல்லி

*

பெரிய முதலியார்சாவடி
10.3.2025

டீச்சர்,

மிச்சம் முப்பத்தாறு சுருக்கங்களையும் படித்துவிட்டேன். பொழுது போகாமல் இல்லை. உங்கள் ஒற்றை வரிப் பதில்தான் உறுத்தியது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி எழுதுகிறவர் இதற்கு மட்டும் ஏன் ஒரு வரியில் நழுவுகிறார் என்று பார்த்தேன்.

பிள்ளைகள் எழுதியதை அப்படியே கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். திருப்பிப் பார்த்தீர்களா? ஒவ்வொரு நல்ல பிரதிக்குப் பின்னாலும் ரஃப் காப்பி பின் அடிக்கப்பட்டிருக்கிறது. இருபத்தேழாவது தாளின் பின்னால் சத்யப்ரியாவின் ரஃப் காப்பி. நான்காவது வரி இது:

"படம் எடுத்த அன்று என் அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அவர்கள் கழற்றச் சொன்னார்கள்."

அதன் மேல் சிவப்பு மையில் இரண்டு கோடுகள். ஓரத்தில் அழகான கையெழுத்தில், "படத்தில் இல்லாதது. நீக்கவும்."

யார் கையெழுத்து டீச்சர்? உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'நீ'யின் சுழி அப்படியே பொருந்துகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோற்றோடு சேர்த்துப் பூசணிக்காயையும் பதிவுத் தபாலில் அனுப்பி வைப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். உண்மை உங்கள் மேசைக்கே வந்திருக்கிறது, அதுவும் நல்ல தமிழில், பதினொரு சொல்லில். நீங்கள் அதை அடித்துவிட்டு, என் படத்தின் வரியை அந்தப் பெண்ணின் வாயில் வைத்து மேடைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். சுப்ராயன் என் படத்தைப் பார்த்துக் கோபப்படவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவளின் மகள் வாயால் கேட்டதால்தான் கோபப்பட்டார்.

நான் கழற்றியது தாயின் பூட்ஸ். நீங்கள் அடித்தது மகளின் வாக்கியம். எது பெரிய பாவம் என்று அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வையுங்கள். திரும்பவும் சுப்ராயனையே பரிசு கொடுக்கக் கூப்பிடுங்கள்.

மேலே 'நான் கழற்றியது' என்று எழுதிவிட்டேன். அடிக்கத்தான் நினைத்தேன், அப்புறம் உங்கள் ஞாபகம் வந்தது. இருக்கட்டும்.

பிரபாகரன்

*

மரக்காணம்
20.3.2025

பிரபாகரன்,

உங்கள் கடிதம் வந்த அன்று பிற்பகல் வகுப்பு இருந்தது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

என் கையெழுத்துதான்.

இருபத்திரண்டு வருடமாக இதே விதியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே, உன் கருத்தைச் சொல்லாதே, கொடுத்ததை மட்டும் சுருக்கு. அந்த விதியில் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அன்று சத்யப்ரியா என் மேசைக்கு வந்து, "மிஸ், அது நெஜம் மிஸ்" என்றாள். "நெஜமா இருக்கலாம். படத்துல இருக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். "அப்போ அடி" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். முழு மதிப்பெண்ணுக்கு அந்த ஒரு வரிதான் தடையாக இருந்தது, அதை நீக்கிவிட்டதற்காக எனக்கு அவள்மேல் பெருமைகூட வந்தது. போதுமா?

இது சுப்ராயனுக்குத் தெரியாது, வசந்தாவுக்கும் தெரியாது. சத்யப்ரியாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் என் வகுப்பில் கேட்டால் மட்டும் எழுந்து பதில் சொல்கிறாள். பதிலும் சரியாகத்தான் இருக்கிறது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களை எனக்குப் பிடிக்காது. முதல் கடிதத்துக்கு முன்பே, அந்தப் படத்தின் சோகமான வயலினைக் கேட்டபோதே பிடிக்கவில்லை. இந்த ஒரு வாரமாக என்னைத்தான் அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் என்னைத் திட்டிக்கொள்வதால் வசந்தாவுக்கு வேலை வரப்போவதில்லை.

வெட்டாத காட்சிகள் உங்களிடம் இருக்கும். அவள் காலில் பூட்ஸ் இருப்பதும் நீங்கள் கழற்றச் சொல்வதும் அதில் இருந்தால் அனுப்புங்கள். உங்கள் கடிதத்தைவிட அது மேல். அனுப்ப மாட்டேன் என்றால் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அது போதும்.

அம்சவல்லி

*

பெரிய முதலியார்சாவடி
29.3.2025

டீச்சர்,

பென் டிரைவ் இத்துடன் இருக்கிறது. ஏழு நிமிடம். நான் எதையும் வெட்டவில்லை.

இந்தக் காட்சியை எடிட்டிங்குக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். குரல் என்னுடையதுதான். "அக்கா, அந்தப் பூட்ஸ் மட்டும் கண்ணை உறுத்துது" என்கிறேன். அந்த அம்மா, "கால்ல புண்ணு இருக்குது சார்" என்கிறார். "ஒரே ஒரு ஷாட்தான் அக்கா" என்கிறேன். உங்கள் மேஸ்திரி பக்கத்தில் நின்றுகொண்டு, "கழட்டும்மா, சார் சொல்றாரு இல்ல" என்கிறார். ஒரே ஒரு ஷாட் இல்லை. நான்கு எடுத்திருக்கிறேன். உங்கள் பதினாறு பிள்ளைகள் எண்ணியது சரிதான்.

மூன்றாவது தடவை திரும்பி நடக்கும்போது அவர் லேசாக நொண்டுகிறார். எடிட்டிங்கில் நான் அந்தத் தடவையைத்தான் படத்தின் கடைசிக் காட்சியாக வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள்.

இதை சுப்ராயனிடம் காட்டுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். வகுப்பில் காட்டி நூற்றிருபது சொல்லில் எழுத வைத்தால் அதை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

பிரபாகரன்

*

மரக்காணம்
7.4.2025

பிரபாகரன்,

பென் டிரைவ் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வசந்தா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று தயாரித்துக்கொண்டே போனேன். முதலில் என் தவற்றைச் சொல்வது, பிறகு உங்கள் காட்சியைப் போட்டுக் காட்டுவது, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சுப்ராயன் வீட்டுக்குப் போவது. மூன்றையும் வரிசையாக வைத்திருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. "வசந்தாக்கா உப்பளத்துக்குப் போயிருக்காங்க, பத்து நாளா போறாங்களே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

உப்பளத்தில் கொட்டகை நிழலில் உட்கார்ந்து மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், அந்த மரியாதைக்கு ஒன்றும் குறையில்லை. எப்படி என்று கேட்டேன்.

"நானே போயிட்டேன் டீச்சர். பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். மொதலாளி வூட்டுல டீ குடிச்சிக்கினு இருந்தாரு. பூட்ஸு நீங்கதான் குடுத்தீங்க, போட்டுக்கினுதான் இருந்தேன், படக்காரங்க கழட்டச் சொன்னாங்க, மேஸ்திரி பக்கத்துலதான் நின்னாருன்னேன். அங்கியே மேஸ்திரிக்குப் போன் போட்டாரு. அவரும் ஆமான்னுட்டாரு. அவ்ளோதான். டீ டம்ளர் கீழ வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

அப்படியானால் உப்பு வாராமல் ஏன் மூட்டை தைக்கிறாள் என்று கேட்டேன்.

"வாரற செட்டு நெறைஞ்சிபோச்சாம். மொத வாரத்துலயே வந்து சொல்லியிருந்தா சேத்திருப்பேனேம்மா, இவ்ளோ நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு கேட்டாரு. டீச்சர் லெட்டர் போட்டிருக்காங்க, பொறுக்கச் சொன்னாங்கன்னு சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு. இந்த வருசம் மூட்டைதான். இதுல கூலி பாதிதான் வரும்."

நான் அடித்த வரியைப் பற்றிச் சொன்னேன். வழியில் தயாரித்த எதுவும் வாயில் வரவில்லை, தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். "தெரியும், அன்னிக்கே பாப்பா சொல்லிட்டா" என்றாள். தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து என் யோசனையைக் கேட்டிருக்கிறாள். நான் பொறுக்கச் சொன்னதும் பொறுத்திருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். கையால் மறித்தாள். "வேணாம் டீச்சர். நான் கழட்டினதை நானே ஒரு தபா பாக்கணுமா?"

மூடிவிட்டேன். உங்கள் ஏழு நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை. பென் டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதில் பாதி உங்களுக்கு உரியது, அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. இத்தனை நாள் அந்த இயக்குநரோடு என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம் என்றேன். எத்தனை என்றாள். ஆறு என்றேன். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றாள். சொன்னேன்.

"பெரிய முதலியார்சாவடியா? பஸ் ஏறினா ஒரு மணி நேரம் டீச்சர். மொதலாளி வூடு உங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து நடந்தா பத்து நிமிசம். ரெண்டு மாசமா ரெண்டு பேரும் உக்காந்து எழுதிக்கினே இருந்தீங்களா?"

தைத்து முடித்த மூட்டையைத் தள்ளி வைத்தாள். பிறகு "படிச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோணி ஊசியை எடுத்து அடுத்த மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்சவல்லி